டைம் குவாண்டம் எங்கிருந்து வருகிறது? திருத்தணிப் பக்கத்துக் கணினி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை ஊர்களிலிருந்து கணினி அறிவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,



ஆபரேட்டிங் சிஸ்டம் தேர்வில் ரவுண்ட் ராபின் கணக்கு எப்படியும் வந்துவிடும். நாலு ப்ராசஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு பர்ஸ்ட் டைம், டைம் குவாண்டம் 4 மில்லி செகண்ட் என்று கொடுத்திருப்பார்கள். ஸ்கேல் வைத்து கேன்ட் சார்ட் போட்டு, சராசரிக் காத்திருப்பு நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் முழு மார்க். லேபிலும் அதே கணக்கைத்தான் சி மொழியில் எழுதி, வந்த விடையை ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குகிறோம். நான் கேட்க நினைப்பது ஒன்றே ஒன்று. அந்த 4 மில்லி செகண்ட் முடிந்துவிட்டது என்று சிபியுவிடம் சொல்வது யார்?

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் சொல்லாது. முடிவே இல்லாத லூப்பில் மாட்டிய புரோகிராம் தானாக விலகி வழிவிடப் போவதில்லை. கெர்னலும் சொல்ல முடியாது. அதுவும் ஒரு புரோகிராம்தான். சிபியு இன்னொருவர் கையில் இருக்கும்போது கெர்னல் வெறுமனே மெமரியில் கிடக்கும் பைட்டுகள்தான். நம் பக்கத்து விசைத்தறிக் கொட்டகையில் ஒரே ஆள் நாலு தறியைப் பார்த்துக்கொள்வார். எந்தத் தறியிலாவது ஊடை அறுந்தால் அந்தத் தறியே நின்று அவரைக் கூப்பிடும். கணினியில் அப்படித் தானாக நிற்கிற தறி இல்லை. ஆகவே, ஓடுவதை வெளியிலிருந்து நிறுத்த ஒன்று வேண்டும். அதுதான் டைமர் இன்டரப்ட். சிபியுவுக்கு வெளியே ஒரு கவுன்டர் எண்ணிக்கொண்டே போகிறது. குறித்த எண் வந்ததும் ஒரு கம்பியில் சிக்னல் போகிறது. சிபியு கையிலிருக்கும் வேலையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கெர்னல் குறித்துவைத்த முகவரிக்குத் தாவுகிறது. ரவுண்ட் ராபின், ஸ்லீப், டைம்-அவுட், நேரம் காட்டும் கடிகாரம் எல்லாமே இந்த ஒரு தாவலை நம்பித்தான் நடக்கின்றன.

மூன்று, நான்கு ஆண்டு கணினி அறிவியல் படித்துவிட்டு இந்தத் தாவலை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமல் வெளியே வருகிறவர்கள்தான் அதிகம். பார்த்தால் மட்டும் போதாது, கல்லூரியை விட்டு வருமுன் ஒரு டைமர் பிழையையாவது நீங்கள் சரிசெய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சரிசெய்வது என்றால், பிழை மறைந்துபோவதைச் சொல்லவில்லை. நினைத்தபோது அதை வரவழைக்கத் தெரிந்து, ஏன் வந்தது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்து, அதற்குப் பிறகு அதை வரமுடியாமல் செய்வதைச் சொல்கிறேன்.

இதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் ஊரிலிருந்து மின்சார ரயிலில் போகிற தூரத்தில், ஐஐடி மெட்ராஸில், சக்தி ப்ராசஸர் உருவானது. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்பின் மேல் பேராசிரியர் காமகோடியின் குழு 2014 வாக்கில் தொடங்கிய வேலை அது. 2018ல் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையிலும், சண்டிகர் எஸ்சிஎல்லின் 180 நானோமீட்டர் ஆலையிலும் சக்தி சிப்புகள் செய்து பார்க்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து அறிவித்த ஐரிஸ் சிப்பும் சக்தி வழிவந்ததுதான். விண்வெளி வேலைக்கென்று அதில் தனியாகச் சேர்த்தவற்றுள் வாட்ச்டாக் டைமர்களும் உண்டு. கெர்னல் எங்காவது உறைந்துபோனால், குறித்த நேரம் வரை பார்த்துவிட்டு அதை உலுக்கி எழுப்புவது வாட்ச்டாக்கின் வேலை. ராக்கெட்டுக்கும் செயற்கைக்கோளுக்கும் சிப் செய்கிறவர்கள் டைமருக்கு அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

சக்தியை எஃப்பிஜிஏ போர்டில் ஏற்றிப் பழக பினாகா, பரசு, வஜ்ரா என்று பெயரிட்ட வடிவங்கள் இருக்கின்றன. போர்டு வாங்கப் பணம் இல்லையென்றால் கவலை வேண்டாம். க்யூஎமு என்ற இலவச மென்பொருள் பழைய லேப்டாப்பிலும் ஒரு முழு ரிஸ்க்-ஃபைவ் இயந்திரத்தைப் பாவனையாக ஓட்டிக்காட்டும். அதில் எம்ஐடியின் எக்ஸ்வி6 என்ற பாடக் கெர்னல் ஓடும். 1970களின் யுனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பார்த்து 2006ல் புதிதாக எழுதப்பட்டது. 2019லிருந்து ரிஸ்க்-ஃபைவில் ஓடுகிறது. செமஸ்டர் விடுமுறையில் முழுவதையும் படித்துவிடலாம், அவ்வளவு சிறியது.

ரிஸ்க்-ஃபைவில் டைமருக்கு அடிப்படையாக இருப்பவை இரண்டே ரெஜிஸ்டர்கள். எம்டைம் என்பது நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் 64 பிட் கவுன்டர். எம்டைம்கம்ப் என்பது நாம் குறிக்கும் எண். முதலாவது இரண்டாவதைத் தொட்டாலோ தாண்டினாலோ இன்டரப்ட். விதி அவ்வளவுதான். ஆனால் இதைச் சுற்றி வருகிற பிழைகள் ஒவ்வொன்றும் ஒருவரைப் பல இரவுகள் உட்கார வைக்கும். சிலவற்றை நின்று பார்ப்போம்.

முதலில், சொந்தமாகக் கெர்னல் எழுதும் மாணவர்களிடம் நான் அதிகம் பார்த்த பிழை. புரோகிராம் கெர்னலிடம் ஏதாவது கேட்க ஈகால் என்ற கட்டளையைப் போடுகிறது. அப்போது, புரோகிராம் எந்த இடத்தில் நின்றது என்பதை சிபியு எஸ்இபிசி என்ற ரெஜிஸ்டரில் எழுதிவைக்கும். அது ஈகால் இருக்கும் முகவரி. அப்படியே திரும்பினால் அதே ஈகால் மறுபடி ஓடும். அதனால் 4 கூட்டி, அடுத்த கட்டளைக்குத் திரும்ப வேண்டும். இது எல்லோருக்கும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பிடிபட்டதும், கெர்னலுக்குள் தாவும் எல்லா ட்ராப்களுக்கும் பொதுவான இடத்தில் அந்த ‘4 கூட்டு’ வரியைப் போட்டுவிடுகிறார்கள். டைமர் இன்டரப்ட்டும் அதே வழியாகத்தான் வருகிறது. ஆனால் இன்டரப்ட் வரும்போது எஸ்இபிசியில் இருப்பது இன்னும் ஓடாத கட்டளையின் முகவரி. அதில் 4 கூட்டினால், ஒவ்வொரு டிக்கிலும், அதாவது டைமர் இன்டரப்ட் வரும் ஒவ்வொரு முறையும், ஒரு கட்டளை ஓடாமலே தாண்டிப் போகும்.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஒரு கோடி முறை சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கூட்டும் சின்ன லூப் எழுதுகிறீர்கள். அதில் உண்மையில் மூன்று கட்டளைகள்: மொத்தத்தில் ஒன்று கூட்டுவது, எண்ணிக்கையில் ஒன்று கூட்டுவது, இன்னும் முடியவில்லையென்றால் மேலே தாவுவது. டிக் முதல் கட்டளையில் விழுந்தால் மொத்தம் ஒன்று குறையும். இரண்டாவதில் விழுந்தால் ஒரு சுற்று கூடுதலாக ஓடி, மொத்தம் ஒன்று கூடும். மூன்றாவதில் விழுந்தால் தாவல் நடக்காது. லூப் பாதி வழியில் முடிந்துவிடும். ஒரே பிழைக்கு மூன்று முகம், ஓட்டும்போதெல்லாம் வேறு விடை. 2 பைட் அளவுள்ள சுருக்கக் கட்டளைகளும் கலந்திருந்தால் இன்னும் மோசம். 4 கூட்டினால் சில சமயம் ஒரு கட்டளையின் நடுவில் போய் இறங்கி, ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று செத்துப்போகும்.

இந்த இடத்தில்தான் ‘வாலடைல் போட்டேன், சரியாயிடுச்சு’ என்ற பேச்சைக் கேட்பேன். வாலடைல் போட்டதும் கம்பைலர் கட்டளைகளை வேறு மாதிரி அடுக்குகிறது, லூப் நீளமாகிறது, டிக் விழுகிற இடம் மாறுகிறது. பிழை அங்கேயேதான் இருக்கிறது, முகம் மட்டும் மாறிவிட்டது. இதைப் பிடிக்க வழி உண்டு. டிக் வேகத்தைப் பத்து மடங்கு கூட்டுங்கள். டைமரைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். பிழை பத்து மடங்கு அடிக்கடி வந்தால் குற்றவாளி டைமர் பாதைதான். பிறகு டைமரை முழுக்க அணைத்து ஓட்டுங்கள். விடை ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு கோடி வந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒரு ரெஜிஸ்டரைச் சேமிக்க மறந்த பிழையும் இதே சோதனையில் அகப்படும்.

அடுத்தது பிரின்ட்எஃப். என்ன பிழை வந்தாலும், இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லருக்குள் ஒரு பிரின்ட்எஃப் போட்டுப் பார்ப்பது நம் கைப்பழக்கம். டைமர் ஹேண்ட்லருக்கு அது விஷம். போர்டிலிருந்து சீரியல் கேபிளில் 115200 பாட் வேகத்தில் ஓர் எழுத்து போக ஏறக்குறைய 87 மைக்ரோ செகண்ட் ஆகும், ஏனென்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் தொடக்க, முடிவு பிட்டுகளோடு பத்து பிட். 40 எழுத்துள்ள வரி போய்ச்சேரக் கிட்டத்தட்ட மூன்றரை மில்லி செகண்ட். 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை டிக் என்றால், உங்கள் பிரின்ட்எஃப் ஒன்றே அதில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. மூன்று வரி அச்சிட்டால் அடுத்த டிக்கே வந்து நிற்கும். நேரத்தைப் பற்றிய பிழையை, நேரத்தைத் தின்னும் கருவியால் அளக்க முடியாது. மெமரியில் ஆயிரம் இடமுள்ள ஒரு அரே வையுங்கள். ஒவ்வொரு டிக்கிலும் எம்டைமையும் எஸ்இபிசியையும் அதில் எழுதிவிட்டு உடனே திரும்புங்கள். எல்லாம் நின்ற பிறகு நிதானமாக அச்சிட்டுப் பாருங்கள். இரண்டு டிக்குகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தை ஒரு வரைபடமாகப் போட்டால், எந்த டிக் தாமதமாக வந்தது, எது இரண்டு முறை வந்தது என்பது பளிச்சென்று தெரியும். ரெக்கார்டு நோட்டில் ஒட்ட வேண்டிய படம் அது.

எம்டைம்கம்ப்பை முன்னே தள்ள மறந்தால் இன்டரப்ட் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும், புரோகிராம் ஓர் அடிகூட நகராது. இது முதல் நொடியிலேயே தெரிந்துவிடும் என்பதால் அதிகம் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது பினாகாவைப் பற்றி. அது 32 பிட் சிபியு. எம்டைம்கம்ப்போ 64 பிட். ஆகவே அதை ஒரே மூச்சில் எழுத முடியாது. கீழ்ப்பாதி, மேல்பாதி என்று இரண்டு தடவையாக எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணம், பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓர் எண் அங்கே நிற்கும். பழைய எண்ணின் கீழ்ப்பாதி நிரம்பி வழியும் நிலையில் இருக்கிறது, புதிய எண்ணில் மேல்பாதி ஒன்று கூடி, கீழ்ப்பாதி சின்ன எண்ணாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கீழ்ப்பாதியை முதலில் எழுதினால், அந்தக் கணத்தில் எம்டைம்கம்ப் எப்போதோ கடந்துபோன ஒரு நேரத்தைக் காட்டும். இன்டரப்ட் திறந்திருந்தால் வேண்டாத டிக் ஒன்று அப்போதே பாயும்.

இது எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வரும் தெரியுமா? க்யூஎமுவில் எம்டைம் நொடிக்கு ஒரு கோடி எண்ணுகிறது. 32 பிட் கீழ்ப்பாதி நிரம்ப 429 நொடி, அதாவது ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல். எக்ஸ்டர்னல் வந்து உங்கள் டெமோவைப் பார்ப்பது ஐந்து நிமிடம்! இந்தப் பிழையோடு புராஜெக்ட் பாஸாகிவிடும், மார்க்கும் வந்துவிடும். பிறகு அதே கோட் ஏதோ ஒரு தண்ணீர் மோட்டாரிலோ மருத்துவமனைக் கருவியிலோ போய் உட்காரும்.

தீர்வை ரிஸ்க்-ஃபைவ் கையேடே சொல்கிறது. முதலில் கீழ்ப்பாதியில் எல்லா பிட்டும் ஒன்றாக எழுதுங்கள். எண் பழையதைவிடக் குறையவே முடியாது. பிறகு புதிய மேல்பாதி. கடைசியாகப் புதிய கீழ்ப்பாதி. மூன்று வரிதான். எம்டைமைப் படிக்கும்போதும் இதே சிக்கல் உண்டு. மேல்பாதி, கீழ்ப்பாதி, மறுபடி மேல்பாதி என்று படித்து, இரண்டு மேல்பாதியும் ஒன்றாக இல்லையென்றால் திரும்பப் படிக்க வேண்டும். டைமரைப் பற்றிய பகுதி அந்தக் கையேட்டில் ஒருசில பக்கம்தான். வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் தேர்வெழுதும் உங்களில் பலருக்கு அந்த ஆங்கிலம் முதலில் கல்லாகத்தான் இருக்கும். ஆனாலும் திருத்தணியிலிருந்து சென்ட்ரல் போய்ச்சேருவதற்குள் படித்துவிடலாம். திரும்பி வரும்போது இன்னொருமுறை படியுங்கள். யூட்யூப் வீடியோவில் அந்த மூன்று வரி வராது.

பூட்டுப் பிழை வேறு வகை. கெர்னல் டிக் எண்ணிக்கையை ஒரு லாக் போட்டுக் காக்கிறது. ஸ்லீப் சிஸ்டம் கால் அந்த லாக்கை எடுத்திருக்கும்போது, அதே கோரில் டைமர் இன்டரப்ட் வந்துவிட்டது. ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்கிறது. வைத்திருப்பவர் ஹேண்ட்லர் முடிந்தால்தான் விடுவார்; ஹேண்ட்லர் லாக் கிடைத்தால்தான் முடியும். இயந்திரம் அப்படியே உறைந்துவிடும். இதனால்தான் எக்ஸ்வி6ல் லாக் எடுக்கும் முன்பே அந்தக் கோரில் இன்டரப்ட்டை அணைத்துவிடுகிறார்கள். தன்னிடமே இருக்கும் லாக்கை மறுபடி கேட்டால் உறையாமல், கத்திவிட்டு நிற்கும்படி ஒரு காவலும் வைத்திருக்கிறார்கள். இதில் நுட்பம் என்னவென்றால், லாக்கை விடும்போது இன்டரப்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடக் கூடாது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு லாக் எடுத்திருந்தால், உள்லாக்கை விட்டதும் திறந்துவிடுவது பழைய ஆபத்தை வேறு வாசல் வழியாகக் கொண்டுவரும். எத்தனை அடுக்கு ஆழத்தில் இருக்கிறோம், முதலில் உள்ளே வரும்போது திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று நினைவு வைத்திருக்க வேண்டும். எக்ஸ்வி6ல் புஷ்ஆஃப், பாப்ஆஃப் என்ற இரண்டு ஃபங்ஷன்கள் அதைச் செய்கின்றன. இரண்டும் சேர்ந்து முப்பது வரிக்குள். முதலில் படிக்க வேண்டிய கோட் எது என்று கேட்டால் அவற்றைத்தான் காட்டுவேன்.

கடிகாரம் மெல்ல மெல்லப் பின்தங்குகிற பிழையும் உண்டு. ஹேண்ட்லருக்குள் வந்ததும் ‘இப்போதைய நேரத்தோடு 10 மில்லி செகண்ட்’ என்று அடுத்த டிக்கைக் குறிப்பது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும். ஆனால் இன்டரப்ட் வந்து அந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் 50 மைக்ரோ செகண்ட் ஆகிவிட்டால், ஒவ்வொரு டிக்கும் அவ்வளவு நீள்கிறது. நொடிக்கு நூறு டிக் என்று பார்த்தால் நொடிக்கு 5 மில்லி செகண்ட். ஒரு நாளில் 7 நிமிடத்துக்கு மேல் கடிகாரம் பின்தங்கும். ‘முன்பு குறித்த நேரத்தோடு 10 மில்லி செகண்ட்’ என்று எழுதினால் இந்தத் தாமதம் சேராது. அப்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டிபக்கரில் ஒரு நிமிடம் நிறுத்திவைத்தால், விட்டுப்போன ஆறாயிரம் டிக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும். எத்தனை டிக் தவறியது என்று கணக்கிட்டு ஒரே தடவையில் சேர்த்துக்கொள்ளும்படி எழுதுங்கள்.

இப்படிச் சேர்கிற சின்னப் பிழை என்ன செய்யும் என்பதற்கு 1991 பிப்ரவரி 25ஐ நினைத்துக்கொள்ளுங்கள். சவூதியில் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தளம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. பத்தில் ஒன்று என்பது பைனரியில் முடிவில்லாமல் நீளும் எண்; 24 பிட்டோடு வெட்டினால் ஒவ்வொரு டிக்கிலும் ஒரு துளி குறையும். நூறு மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் அந்தத் துளிகள் சேர்ந்து மூன்றில் ஒரு நொடி ஆகிவிட்டது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். தளம் தவறான இடத்தில் தேடியது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். நீண்ட நேரம் ஓட்டினால் கோளாறு வரும் என்பது முன்பே தெரிந்திருந்தது. எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லாமல், நெடுநேரம் ஓட்டாதீர்கள் என்று மட்டும் செய்தி போயிருந்தது. சரிசெய்த மென்பொருள் மறுநாள்தான் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது. ‘ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்ச்சிதான் நினைவுக்கு வரும்.

கவுன்டர் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வருவதும் இப்படித்தான். நொடிக்கு நூறு டிக் எண்ணும் 32 பிட் கவுன்டர் 497 நாளில் நிரம்பும். ஆயிரம் டிக் என்றால் 49.7 நாள். விண்டோஸ் 95, 98 இரண்டும் 49.7 நாளில் உறைந்தது இதனால்தான். 2015ல் அமெரிக்க விமானத்துறை, போயிங் 787 விமானங்களில் 248 நாள் தொடர்ந்து மின்சாரம் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தக்கூடும் என்று எச்சரித்தது. நூறில் ஒரு நொடியாக 31 பிட் வரை எண்ணினால் சரியாக 248 நாள்தான் வருகிறது. அப்போது ஏர் இந்தியாவிடமும் அந்த விமானங்கள் இருந்தன.

497 நாள் காத்திருந்து எந்த மாணவரும் பிழையைப் பிடிக்க முடியாது. லினக்ஸ் எழுதியவர்கள் இதற்குச் செய்தது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. டிக்கை எண்ணும் ஜிஃபிஸ் என்ற கவுன்டரை அவர்கள் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. பூட் ஆகி ஐந்து நிமிடத்தில் நிரம்பும்படி ஓர் எண்ணில் தொடங்குகிறார்கள். கவுன்டர் நிரம்பும்போது யாருடைய கோட் உடையுமோ, அது அவர்கள் மேசையிலேயே, ஐந்தாவது நிமிடத்தில் உடைந்துவிடும். வாடிக்கையாளர் வீட்டில் 497 நாள் கழித்து உடையாது. நீங்களும் இதைச் செய்யலாம். எம்டைம் எழுதவும் கூடிய ரெஜிஸ்டர். கெர்னல் தொடங்கும்போது அதன் கீழ்ப்பாதியை நிரம்பும் நிலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், ஏழு நிமிடம் காத்திருந்த அந்தப் பினாகா பிழை ஐந்து நொடியில் வரும். பிழையை நினைத்தபோது வரவழைப்பது என்று மேலே சொன்னேனே, அது இதுதான். நேரங்களை ஒப்பிடும்போதும் ‘இது அதைவிடப் பெரியதா’ என்று கேட்காமல், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, விடை நெகட்டிவா என்று பாருங்கள். நிரம்பி வழியும்போதும் அந்தக் கழித்தல் பொய் சொல்லாது.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும், பிழையை மறைப்பதற்கும் சரிசெய்வதற்கும் உள்ள தூரம் அதில் தெளிவாகத் தெரிகிறது. பூமியின் சுழற்சியோடு கடிகாரத்தை ஒத்துவைக்க எப்போதாவது ஒரு லீப் செகண்ட் சேர்ப்பார்கள். 2012 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி காலை 5:30 மணிக்கு முன் அப்படி ஒரு நொடி சேர்ந்தது. அடுத்த சில நிமிடங்களில் உலகமெங்கும் லினக்ஸ் சர்வர்களின் சிபியு நூறு சதவீதத்துக்குப் போனது. ரெட்டிட், மொசில்லா தளங்கள் திணறின. ஆஸ்திரேலியாவில் குவான்டாஸ் பயணிகள் செக்-இன் கவுன்டர்களில் காத்துக்கிடந்தார்கள்.

நடந்தது இதுதான். கெர்னலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி, நொடி சேர்ந்ததும் தன் நேரத்தை ஒரு நொடி பின்னுக்கு வைத்தது. ஆனால் துல்லிய டைமர்களைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு அதைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் ஒரு நொடி வித்தியாசம். அரை நொடி தூங்குகிறேன் என்று கேட்ட புரோகிராமுக்கு, அந்த நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது என்று டைமர் உடனே திருப்பி அனுப்பியது. புரோகிராம் மறுபடி கேட்டது, மறுபடி உடனே திரும்பியது. தூங்க வேண்டிய ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் தூங்காமல் சுழன்றன.

அன்று காலை ஒரு வைத்தியம் பரவியது. டேட் கமாண்டில் இப்போதைய நேரத்தையே மறுபடி செட் செய்தால் போதும், சர்வர் அடங்கிவிடும். அடங்கியது உண்மை. ஏன் என்று அன்று கேட்டவர்கள் குறைவு. நேரத்தைக் கையால் செட் செய்யும் பாதையில், டைமர் பகுதிக்குச் சொல்லும் அழைப்பு இருந்தது. லீப் செகண்ட் பாதையில் அந்த அழைப்பு இல்லை. கெர்னலில் நேரப் பகுதியைப் பராமரித்துவந்த ஜான் ஸ்டல்ட்ஸ் அந்த மாதமே அதைச் சரிசெய்தார். லீப் செகண்ட் ஹார்ட்-இன்டரப்ட் சூழலில் நடப்பதால் அந்த அழைப்பை அங்கே நேரடியாகப் போட முடியாது, அதனால் அதைத் தள்ளிவைத்துச் செய்யும் ஏற்பாடும் தேவைப்பட்டது. டேட் கமாண்ட் அன்றைய காலையைக் காப்பாற்றியது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நிறுத்தியிருந்தால் அடுத்த லீப் செகண்டில் அதே கூத்துதான்.

இந்த வேலையெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். 2014ல் லினக்ஸ் 3.15ல் சேர்ந்த ஒரு மாற்றத்தைப் பாருங்கள். ஐபிஎம்மின் பவர் கட்டமைப்பு சிபியுக்களில் ஒரு கோர் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போனால் அதன் சொந்த டைமரும் நின்றுவிடும். எழுப்ப ஆள் இல்லை. வேறு பல கணினிகளில் இதற்கென்று வெளியே தனிக் கடிகாரம் இருக்கும், இதில் இல்லை. ஒரு கோரை மட்டும் ஆழ்ந்து உறங்கவிடாமல் வைத்து, மற்றவற்றை உரிய நேரத்தில் அது எழுப்பும்படி செய்தார் ஐபிஎம் இந்தியாவில் பணியாற்றிய ப்ரீத்தி மூர்த்தி. அவர் எழுதிய கோடும் விளக்கமும் லினக்ஸின் கிட் வரலாற்றில் எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன. எடுத்துப் படியுங்கள்.

இந்த செமஸ்டரில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று பேராகச் சேருங்கள். க்யூஎமுவையும் எக்ஸ்வி6ஐயும் இறக்கிக்கொள்ளுங்கள். அதில் டிக் வரும் பாதையை, கம்பியில் சிக்னல் எழுவதிலிருந்து வேறொரு ப்ராசஸ் ஓடத் தொடங்கும் வரை, ஒரு தாளில் கையால் வரையுங்கள். பிறகு ஒருவர் மேலே சொன்ன பிழைகளில் ஒன்றை வேண்டுமென்றே உள்ளே வைத்து, எது என்று சொல்லாமல் மற்றவரிடம் கொடுங்கள். அவர் கண்டுபிடிக்கட்டும். வாரம் ஒன்று போதும். புராஜெக்ட் என்று வரும்போது சந்தையில் ஆயத்தமாகக் கிடைப்பதை விலைக்கு வாங்காதீர்கள். சக்தியின் பினாகாவில் டிக்கே சரியாக வராத ஒரு குட்டிக் கெர்னலைச் சரிசெய்து காட்டினால், அதை மதிக்கத் தெரிந்த ஆசிரியர் உங்கள் கல்லூரியில் ஒருவராவது இருப்பார்.

சரிசெய்ததும் கமிட் செய்தியை ஒழுங்காக எழுதுங்கள். ‘டைமர் பக் ஃபிக்ஸ்டு’ என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது, ஏன் நடந்தது, மாற்றத்துக்குப் பிறகு எத்தனை மணி நேரம் எந்த டிக் வேகத்தில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். லினக்ஸ்காரர்கள் கடைசியில் ‘ஃபிக்ஸஸ்’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். எந்தப் பழைய மாற்றத்தில் இந்தப் பிழை உள்ளே வந்தது என்பதற்கான அடையாள எண் அதில் இருக்கும். பழைய பதிப்புகளைப் பராமரிக்கிறவர்கள் தங்களுக்கும் இந்தத் திருத்தம் வேண்டுமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்த எண்ணைத் தேடிப் பிடிக்க கிட் பைசெக்ட் பழகிக்கொள்ளுங்கள். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்து முறை கம்பைல் செய்தால் ஆள் கிடைத்துவிடும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரர் ஒருவர்
திருத்தணி